டிராம் ஓடாத நாள்

பள்ளிப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. உழைப்பாளிகள் மேல் பரிவு கொண்ட மந்திரி ஒருவர், ஒரு நல்ல நாளில் யோசித்துப் பார்த்து, நாடு முழுவதற்கும் ஒரு விடுமுறையை அறிவித்தாராம். பக்கத்திலேயே, அதன் நினைவாக வைத்த சிலையின் படம்: திரண்ட தோளும் தூக்கிய சுத்தியலுமாக ஓர் ஆண்பிள்ளை. அன்றைக்கு அந்தத் தெருவில் சுத்தியல் தூக்கியவர் ஒருவரும் கிடையாது. மந்திரி யோசித்ததாகவும் தெரியவில்லை. நடந்தது இவ்வளவுதான்: ஒரு பெண் தன் புருஷனோடு ஒரு நாள் முழுக்க இருக்க ஆசைப்பட்டாள். இதைப் போட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. சிரித்தால்தான் என்ன?

அவள் நெசவாலையில் தறி ஓட்டுகிறவள். ஆலையில் அவளுக்கு வாயாடி என்று பேர். இதில் வேடிக்கை என்னவென்றால், தறிக்கூடத்துக்குள் அவள் குரலை ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்கவும் முடியாது. அத்தனை தறியும் ஒரே சமயத்தில் அடித்துக்கொள்கிற இடத்தில், காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் ஒன்றும் ஏறாது. அதனால் அங்கே வேலை செய்கிற பெண்கள் குரலைக் குடையோடு சேர்த்து வாசலிலேயே வைத்துவிட்டு, உள்ளே உதட்டால் மட்டும் பேசுவார்கள். உதட்டை விரித்து, குவித்து, மடித்து, புருவத்தையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டால் பேச முடியாத விஷயமே இல்லை. மேஸ்திரிக்கு இந்தப் பாஷை வராது. அவர் பாவம், தன் மூக்கைப் பற்றி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிற விவாதத்தின் நடுவிலேயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாவுவார். நம்மவள் இதில் கைதேர்ந்தவள். பக்கத்து வீட்டுச் சண்டை ஒன்றை, ஒரு வசனம் விடாமல், அறுந்த இழையை முடிந்துகொண்டே கூடத்தின் மறுகோடிக்குச் சொல்லி முடிப்பாள்.

அவள் புருஷன் டிராம் கண்டக்டர். அவனுக்குச் சத்தம்தான் பிழைப்பு. "மார்க்கெட் எறங்கு" என்று அவன் ஒரு குரல் கொடுத்தால், கடைசி இருக்கையில் தூங்குகிற ஆள் தூக்கிவாரிப்போட்டு எழுந்து இறங்கிவிடுவார், அவர் போக வேண்டிய இடம் அதுவாக இல்லாவிட்டாலும்.

இரண்டு பேருக்கும் நல்ல மனசு, நல்ல பொருத்தம். நேரம்தான் பொருந்தவில்லை. விடிவதற்கு முன்பே ஆலைச் சங்கு ஊதி அவளைக் கூப்பிட்டுக்கொள்ளும். அவள் ஷிப்டு முடிந்து வெளியே வருகிற மத்தியானத்தில் அவன் வண்டியில் ஏறியிருப்பான். அவன் திரும்பி வரும்போது அவள் தூங்கிப்போயிருப்பாள். வார விடுமுறை அவளுக்கு ஞாயிறு, அவனுக்குச் செவ்வாய். ஞாயிற்றுக் கூட்டத்துக்கு அவனை விடியற்காலையே வண்டி ஏற்றிவிடுவார்கள்; செவ்வாய்க்கிழமை அவளுக்கு ராத்திரி வரை தறி. ஊருக்கெல்லாம் ஏதாவது விசேஷம் என்றால் ஆலையை மூடுவார்கள். அன்றைக்குத்தான் டிராமில் ஈ நுழைய இடமிருக்காது.

கூடவே இருந்தவள் அவனுடைய அக்கா. அந்த இரண்டறை வீட்டின் ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டு ஊருக்கெல்லாம் சட்டை தைப்பவள், நாக்கும் ஊசிதான். "நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா, இல்ல ஒரே பாயை மாத்தி மாத்தி வாடகைக்கு எடுத்தவங்களா?" என்பாள்.

சந்திப்பு என்று ஒன்று உண்டு, அது ஆலை வாசலில். ஷிப்டு விடுகிற நேரத்துக்கு அவனுடைய டிராம் அங்கே வந்து நிற்கும். கூட்டம் ஏறுகிற வரைக்கும் நிற்கும், அவ்வளவுதான். அவன் உள்ளே நெரிசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டு. அவள் வெளியே நடைபாதையில். நடுவே ஜன்னல் கண்ணாடி. கல்யாணமான புதிதில் உதட்டுப் பேச்சை அவனுக்கும் கற்றுக்கொடுத்திருந்தாள். நன்றாகப் புரிந்துகொள்வான். பேசத்தான் வராது, உதட்டை அசைத்தால் பல்வலிக்காரன் மாதிரி இருக்கும். அதனால் அவள் பேச, அவன் தலையாட்டுவான்.

'சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. ஜன்னல் கொக்கி கழண்டுடுச்சு. உங்க அக்காவுக்கு மறுபடியும் முதுகு வலி. தைலம் வாங்கிட்டு வாங்க.'

டிங் டிங். வண்டி போய்விடும். அவள் கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடப்பாள்.

அந்த அவகாசத்தில் வீட்டை நடத்தலாம். குடும்பம் நடத்த முடியாது. கொக்கியும் தைலமும் சொல்வதற்கே நேரம் போதவில்லை. மற்றதையெல்லாம் எப்போது சொல்வது? மற்றது என்றால் என்ன என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆனால் அது இருக்கிறது என்பது எதிர்வீட்டைப் பார்க்கும்போது தெரியும்.

எதிர்வீட்டில் ஒரு முடிதிருத்துகிறவர். கடையும் வீடும் ஒன்றே. சாயங்காலம் கத்தரிக்கோலைக் கழுவி வைத்துவிட்டு வாசல்படியில் உட்காருவார். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து பக்கத்தில் உட்காருவாள். ரொம்ப நேரம் பேச்சே இருக்காது. பிறகு அந்த அம்மாள் கூப்பிடுவாள்.

"என்னங்க."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

இதைக் கேட்கிறபோதெல்லாம் வாயாடிக்கு வயிறு எரியும். சும்மாவாம்! ஒரு காரணமும் இல்லாமல் புருஷனைக் கூப்பிட்டு, அவனும் என்னவென்று கேட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, திரும்பவும் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார ஒருத்திக்குக் கொடுத்து வைத்திருக்கிறதே! பொறாமைதான். அதை அவள் மறைக்கவும் இல்லை. ஜன்னலைப் பட்டென்று சாத்துவாள்.

"கொக்கி ஏன் கழண்டுச்சுன்னு இப்பத்தான் தெரியுது" என்பாள் நாத்தனார், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

இப்படி இருக்கும்போது ஆலைச் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். சங்கத்தின் செயலாளர் சாயப்பட்டறைக்காரர். நகம் பத்தும் நீலம். நேர்மையான மனுஷன், ஆனால் வாயைத் திறந்தால் அறிக்கைதான் வரும். பேரே அறிக்கை என்றாகிவிட்டது. மந்திரி மாளிகைக்கு ஊர்வலமாகப் போய்க் கோரிக்கைகளை வைக்க வேண்டும் என்று அறிக்கை சொன்னார். கூலி உயர்வு, கூடத்துக்குக் காற்றுப்போக்கி, குடிக்கத் தண்ணீர் என்று வரிசையாகப் படித்துவிட்டு, "வேறு ஏதேனும் விடுபட்டிருப்பின் தோழர்கள் தெரிவிக்கலாம்" என்றார்.

வாயாடி எழுந்து நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. பக்கத்திலிருந்தவள் இடித்து, "சத்தம், சத்தம்" என்றதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, தேவைக்கு அதிகமாகவே கத்தினாள்.

"எல்லாருக்கும் சேர்ந்த மாதிரி ஒரு நாள் லீவு வேணும்!"

"நமக்குத்தான் ஞாயிறு இருக்கிறதே அம்மா."

"நமக்கு ஞாயிறு. டிராமுக்குச் செவ்வாய். ரொட்டிக்கடைக்குத் திங்கள். ஆஸ்பத்திரி ஆயாவுக்கு என்னைக்குன்னு அவங்களுக்கே தெரியாது. இப்படிப் பிச்சுப் பிச்சுக் குடுத்தா யாரு யாரைப் பாக்குறது?"

அறிக்கை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது ஆசை அம்மா. கோரிக்கை ஆகாது."

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"கோரிக்கை என்றால் காரணம் இருக்க வேண்டும். லீவு எடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று மந்திரி கேட்டால் என்ன சொல்வாய்?"

சும்மா இருக்கப் போகிறேன் என்று சங்கக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது? உட்கார்ந்துவிட்டாள். கோரிக்கைகளில் அது சேரவில்லை. வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் சொன்னபோது, தைத்துக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்திவிட்டு, "அந்த மனுஷன் கல்யாணம் பண்ணலை இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

ஊர்வலத்துக்கென்று அறிக்கை ஒரு கோஷம் எழுதினார். "உழைப்பின் உன்னதத்தை உணர்ந்து ஊதிய விகிதங்களை உடனடியாகத் திருத்தி அமைத்திடுக!" இதை மூச்சு விடாமல் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்ல ஒத்திகை வேண்டும். ஒத்திகை பார்க்க இடம் ஏது? தறிக்கூடம்தான். தறி ஓடும்போதே, மேஸ்திரியின் கண்ணெதிரே, வரிசை வரிசையாக உதட்டை அசைத்துப் பழகினார்கள். ஒரு வாரத்தில் அத்தனை வாயும் ஒரே வாயாகத் திறந்து ஒரே வாயாக மூடியது. மேஸ்திரி, இவர்கள் ஏதோ மெல்லுகிறார்கள் என்று நினைத்துத் தரையில் எச்சில் இருக்கிறதா என்று குனிந்து தேடினார்.

ஊர்வல நாளும் வந்தது. ஷிப்டு விட்டதும், ஒழுங்கு கெடாமல் இருப்பதற்காக, தறி நிற்கிற வரிசைப்படியே பெண்களை நிறுத்தினார்கள். அறிக்கை முன்னால் போய்க் கையை உயர்த்தினார். கோஷம் எழும்பியது.

எழும்பியதா? எத்தனையோ வாய்கள் ஒன்றாகத் திறந்தன, ஒன்றாக மூடின. உன்னதம் உன்னதமாகக் குவிந்தது. சத்தம் மட்டும் இல்லை. காலடி ஓசையைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. குரல் கொடுத்து அவர்கள் ஒரு நாளும் பழகவில்லையே! பழகினபடி செய்தார்கள், பாவம். பக்கத்திலிருப்பவள் சொல்வது கண்ணுக்குத் தெரிந்ததால் யாருக்கும் ஒரு குறையும் படவில்லை. பின்வரிசை முன்வரிசையைவிட நன்றாகச் சொல்கிறது என்று பெருமைகூடப் பட்டார்கள். முன்னால் போன அறிக்கை சாயப்பட்டறையில் அமைதியாக வேலை பார்க்கிறவர், உதட்டுப் பாஷை தெரியாது. அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். வாயெல்லாம் அசைகிறது. காது அடைத்துக்கொண்டதோ என்று விரலை விட்டுக் குடைந்துகொண்டார்.

மந்திரி மாளிகைக்கு முன்னால் தெரு நிரம்பியது. கூட்டத்தில் மாட்டிக்கொண்டு ஒரு டிராம் நின்றுபோனது. கத்துகிற கூட்டத்தைக் கலைக்கத்தான் போலீஸ்காரர்களுக்கு உத்தரவு. இங்கே யாரும் கத்தவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்காரர்கள் தராசைப் பிடித்தபடியே வெளியே வந்தார்கள். பேசிக்கொண்டிருந்தவர்களும் பேச்சை நிறுத்தினார்கள். தெருவே அடங்கிப்போனது.

மந்திரி மேல்மாடத்துக்கு வந்தார். கூச்சல் போடுகிறவர்களைச் சமாளிக்க அவருக்குத் தெரியும். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினால் போதும், பாதி அடங்கும். இங்கே அடக்குவதற்கு ஒன்றுமில்லை. தூக்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைத் தடவிக்கொண்டார்.

"என்ன சொல்றாங்க?" என்று பக்கத்திலிருந்த உதவியாளரைக் கேட்டார்.

"தெரியலைங்க ஐயா."

"யாருக்காவது தெரியுமா?"

அந்த நிசப்தத்தில் அது தெரு முழுக்கக் கேட்டது. நின்றுபோன டிராமின் படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டருக்கும் கேட்டது.

நம்மவள் அப்போதுதான் அவனைப் பார்த்தாள். வரிசையின் ஓரத்தில் அவள், படியில் அவன், நடுவே கண்ணாடிகூட இல்லை. வண்டி கிளம்ப வழியில்லை. மணி அடிக்க வேண்டியதில்லை. அவனைப் பார்த்தபடி இத்தனை நேரம் நிற்க அவளுக்கு அதுவரை கிடைத்ததே இல்லை. உதட்டிலிருந்து கோஷம் நழுவிப்போனது. கொக்கியும் தைலமும் நினைவுக்கே வரவில்லை. இத்தனை வருஷமாக உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது.

'எனக்கு உங்ககூட ஒரு நாள் இருக்கணும். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும். சும்மா.'

என்ன சொல்கிறார்கள் என்று பெரியவர் ஒருவர் கேட்கிறார், இவனுக்குத் தெரியும், கேட்டால் உரக்கச் சொல்வதுதான் இவன் தொழில். யோசித்தா செய்தான்? மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடுக்கிற அதே குரலில் சொன்னான்.

"எனக்கு உங்ககூட ஒரு நாள் இருக்கணும்! காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும்! சும்மா!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. காது மடல் சிவந்துபோனது. மேல்மாடத்தில் மந்திரி, யாரோ தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஒரு அடி பின்னால் போனார்.

முதலில் சிரித்தது டிராமுக்குள்ளிருந்த ஒரு கிழவர். பிறகு தெரு சிரித்தது. வரிசையிலிருந்த பெண்கள், "யாருடி அது? யாரைச் சொல்றான்?" என்று முதல் தடவையாக வாய்விட்டுப் பேசினார்கள். வாயாடி முகத்தை மூடிக்கொண்டாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் டிராம் ஓட்டுநர் தன் இடத்திலிருந்து தலையை நீட்டினார். வாரத்தில் நாலு வார்த்தை பேசுகிற ஆள். "சிரிக்காதீங்க. என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில ஆயா. எனக்கும் அதேதான் வேணும்" என்றார்.

"எனக்கும்" என்றாள் ரொட்டிக்கடைக்காரரின் மனைவி, கடை வாசலிலிருந்து.

"எங்க அண்ணனைப் பாத்து மூணு மாசமாச்சு. அடுத்த தெருவுலதான் இருக்கான்" என்றார் தபால்காரர் ஒருவர். போலீஸ்காரர்களில் ஒருவர்கூட ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, அதிகாரி திரும்பிப் பார்த்ததும் மீசையைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் தறிக்காரிகளுக்குக் குரல் கிடைத்துவிட்டது. கிடைத்த குரலில் அறிக்கையின் கோஷம் வரவில்லை. "ஒரு நாள்! எல்லாருக்கும் ஒண்ணா ஒரு நாள்!" என்றுதான் வந்தது. மாளிகை ஜன்னல்கள் அதிர்ந்தன. அறிக்கை, நீல நகக் கைகளைக் கட்டிக்கொண்டு, "இது கோரிக்கைகளில் இல்லையே" என்று முணுமுணுத்தார். பிறகு அவரும் சொன்னார். நேர்மையான மனுஷன் என்று முதலிலேயே சொன்னேன்.

அன்று சாயங்காலம் நாத்தனார் சிரித்துச் சிரித்து ஊசியால் விரலைக் குத்திக்கொண்டாள். வாயாடிக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே நின்று அவனைப் பார்த்து, 'வீட்டு விஷயத்தை நடுத்தெருவுல கூவுவீங்களா?' என்றாள். அவன் பல்வலிக்காரன் மாதிரி உதட்டை அசைத்து மன்னிப்புக் கேட்டான். ஒரு எழுத்தும் புரியவில்லை. கோபமாக இருப்பது அதற்கு மேல் முடியாமல் சிரித்துவிட்டாள். டிராம் முழுக்க அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

கோபக்காரக் கூட்டத்துக்குப் பதில் சொல்ல மந்திரிகளுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே கேட்கிற கூட்டத்துக்குத் தெரியாது. ஊர் ஊராக இதே பேச்சு பரவியது. கொஞ்ச நாளில் அறிவிப்பு வந்தது: ஆண்டுக்கு ஒரு நாள், நாடு முழுவதும், உழைக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் விடுமுறை. கூலி உயர்வு பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். அது இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

வாயாடிக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நாளில் போட்டுக்கொள்ள நாத்தனார் புதுத்துணி தைக்க ஆரம்பித்தாள். எங்கே போகலாம், என்ன செய்யலாம் என்று வாயாடி தறியைப் பார்த்துக்கொண்டே யோசிப்பாள். எங்கேயும் போக வேண்டாம், ஒன்றும் செய்ய வேண்டாம் என்று முடியும். அதை நினைத்தாலே உதட்டோரம் சிரிப்பு வரும்.

அந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு மத்தியானம், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற அவன் முகம் சரியில்லை. தன் தொப்பியைத் தொட்டுக் காட்டினான். டிக்கெட் பையைத் தொட்டுக் காட்டினான். தலையை இரண்டு பக்கமும் ஆட்டினான். வண்டி போய்விட்டது.

விஷயம் ஊருக்குள் தெரிந்தது. விடுமுறை நாளன்று ஊருக்கு வெளியே மைதானத்தில் பெரிய விழா. மந்திரி பேசுவார். ஜனங்கள் போய்வர வேண்டாமா? ஸ்பெஷல் டிராம்கள் விடப் போகிறார்கள். கண்டக்டர், ஓட்டுநர் அத்தனை பேரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை டூட்டிக்கு வந்தாக வேண்டும்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை. அவள் கேட்ட அதே நேரம்.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அழுதாள். நாத்தனார் கேலி பண்ணவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பாதி தைத்த துணியை மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் வாங்கிக் குடுத்துட்டேன் அண்ணி. எனக்கு மட்டும் இல்லை."

"டிராம் ஏன் ஓடுது?" என்றாள் நாத்தனார்.

"ஜனங்க ஏறுறாங்க, ஓடுது."

"ஏறலைன்னா?"

வாயாடி மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

மறுநாள் தறிக்கூடத்தில், மேஸ்திரி நடுவில் உலாவிக்கொண்டிருக்க, ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குச் செய்தி போயிற்று. இந்தக் கூடத்திலிருந்து அந்தக் கூடத்துக்கு, அங்கிருந்து நூற்பாலைக்கு, சாயங்காலத்தில் ரொட்டிக்கடைக்கு, குழாயடிக்கு, ஆஸ்பத்திரிக்கு. கடைசியாகத்தான் அறிக்கைக்குத் தெரிந்தது. "இதைப் போக்குவரத்துப் புறக்கணிப்பு என்று அறிவிக்கலாமா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் வேணாங்க. நடக்கலாம்னு இருக்கோம், அவ்வளவுதான்."

அந்த நாள் விடிந்தது. சங்கு ஊதவில்லை. வாயாடி புதுத்துணி உடுத்திக்கொண்டு ஆலை வாசல் நிறுத்தத்தில் போய் நின்றாள். மைதானம் என்ன பக்கத்திலா இருக்கிறது? கைக்குழந்தைக்காரிகள் இருப்பார்கள், முழங்கால் வலிக்காரர்கள் இருப்பார்கள், வெயில் வேறு ஏறும். சரி என்று உதட்டால் சொன்னவர்கள் எல்லாம் காலாலும் சொல்வார்களா? அவளுக்காக ஊர் ஏன் நடக்க வேண்டும்?

தூரத்தில் டிராம் தெரிந்தது. கண்ணாடியில் வெயில் அடித்ததால் உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று தெரியவில்லை. ரொம்ப மெதுவாக வந்தது. ஏன் இவ்வளவு மெதுவாக என்று எட்டிப் பார்த்தாள். தண்டவாளத்தில், வண்டிக்கு முன்னால், ஜனங்கள் நடந்து வந்தார்கள். பக்கத்திலும் நடந்தார்கள். பின்னாலும் தெரு நிறைய நடந்தார்கள். முழங்கால் வலிக்காரர்கள் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எதிர்வீட்டு முடிதிருத்துகிறவர் மனைவியோடு நடந்தார். நாத்தனார் முதுகைப் பிடித்துக்கொண்டு, வழி நெடுக யாரையோ ஏசிக்கொண்டு நடந்தாள். டிராமுக்குள் காலி இருக்கைகள்.

வண்டி நின்றது. படியில் அவன், தொப்பியும் பையுமாக. "ஆலை வாசல் ஏறு" என்று கூவினான். கூவ வேண்டியது கடமை. ஒருத்தரும் ஏறவில்லை.

அவள் அவனைப் பார்த்தாள். 'எறங்குங்க' என்றாள், உதட்டால்.

அவன் கண்ணால் உள்ளே காட்டினான். காலியாக இல்லை. ஒரே ஒரு ஆள் இருந்தார். டிக்கெட் பரிசோதகர். சோதிக்க ஒரு டிக்கெட்டும் இல்லாமல், நடு இருக்கையில், கையை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கடைசிப் பயணி இறங்கும் வரை கண்டக்டர் இறங்கக் கூடாது என்பது விதி. அந்த விதியைக் காப்பாற்றத்தான் அவர் வந்திருந்தார்.

அவள் ஜன்னலருகே போனாள். சண்டை போடத்தான் போனாள். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த மனுஷனும் களைத்துப்போயிருந்தார். தொப்பி நாள்முழுதும் அழுத்துகிற நெற்றியில் கோடு விழுந்திருந்தது. வாயில் வந்தது வேறாக இருந்தது. அதைக் குரலோடு சொன்னாள்.

"ஐயா, உங்க வீட்டுல யாரும் இல்லையா?"

பரிசோதகர் திரும்பினார். அதிகாரமாக ஏதோ சொல்லப் போனவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"இருக்காங்கம்மா" என்றார்.

தொப்பியைக் கழற்றினார். எழுந்தார். படியில் கண்டக்டரைத் தாண்டும்போது, விறைப்புக் குறையாமலே, "வண்டி காலி. பாத்துக்க" என்று சொல்லிவிட்டு இறங்கி, வந்த வழியே வேகமாக நடந்தார். போகப் போக அந்த நடை ஓட்டமாகிவிட்டது.

ஓட்டுநர் வண்டியை ஓட்டுகிற கைப்பிடியைக் கழற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பினார். கண்டக்டர் கயிற்றை இழுத்து மணியை இரண்டு தரம் அடித்தான், யாருக்கும் அல்ல. பிறகு பையை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினான். அந்த டிராம் சாயங்காலம் வரை அங்கேயே, நட்ட நடுத்தெருவில் நின்றது. குழந்தைகள் ஏறி விளையாடின. அடுத்த ஆண்டிலிருந்து ஸ்பெஷல் வண்டி என்ற பேச்சையே டிராம் கம்பெனி எடுக்கவில்லை. இன்றைக்கும் அந்த நாளில் நாடு முழுக்க எந்த ஊரிலும் டிராம் ஓடுவதில்லை. எங்கே போவதானாலும் நடைதான். வெளியூர்க்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள். அலுத்துக்கொள்ளட்டும்.

அவர்கள் இருவரும் மைதானத்துக்குப் போகவில்லை. வீட்டுக்குத்தான் போனார்கள். நாத்தனார் மந்திரி பேச்சைக் கேட்கப் போவதாகச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் ஒரு கண்ணைச் சிமிட்டியிருந்தாள். வாழ்நாளில் எந்த மந்திரியின் பேச்சையும் கேட்காதவள்.

பகல் வெளிச்சத்தில் அவனை வீட்டுக்குள் பார்க்க அவளுக்குப் புதிதாக இருந்தது. அவனுக்கும் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. உட்கார் என்றால் உட்கார்ந்துவிட்டு, மறுபடி எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொக்கியை மாட்டினான். சாப்பிட்டார்கள். வாசல்படியில் வந்து உட்கார்ந்தார்கள். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. மைதானத்துப் பக்கமிருந்து, காற்று திரும்பும்போதெல்லாம், யாரோ எதையோ நீட்டி முழக்குவது கேட்டது.

அவள் அவன் முகத்தைப் பார்த்து உதட்டை அசைத்தாள்.

"சத்தமாப் பேசேன்" என்றான் அவன். "நடுவுல கண்ணாடி இல்லையே."

அவள் வாயை மூடிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. அவனோடு குரலில் பேசி எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தாள், கணக்குக் கிடைக்கவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் இருக்கிறது. அவசரமில்லை, சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது. வெயில் படியிலிருந்து நகர்ந்து தெருவுக்கு இறங்கியது. அவன் தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான்.

"என்னங்க" என்றாள். கொஞ்சம் கரகரப்பான, சின்னக் குரல்.

அவன் கண்ணைத் திறந்தான். "என்ன?"

"ஒண்ணுமில்ல" என்றாள். "சும்மா."